தி. சே. சௌ. ராஜன்

தி. சே. சௌ. ராஜன் (1880 – 1953) தமிழ்நாட்டைச் சேர்ந்த மருத்துவர், இந்திய விடுதலைப் போராட்ட வீரர், அரசியல்வாதி, எழுத்தாளர். டாக்டர் ராஜன் என்று பரவலாக அறியப்பட்டார். திருவரங்கத்தில் பிறந்த இவர், திருச்சிராப்பள்ளியில் மருத்துவராகப் பணியாற்றினார். 1930ஆம் ஆண்டு வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகப் பயணம் திருச்சிராப்பள்ளியில் இவரது இல்லத்திலிருந்தே தொடங்கியது. சென்னை மாகாணத்தில் 1937 முதல் 1939 வரை இராஜாஜி அமைச்சரவையிலும், பின்னர் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் அமைச்சரவையிலும் இடம்பெற்றார்.

ராஜனின் பொதுவாழ்வில் இரண்டு கட்டங்கள் சாதாரணக் குடும்பங்களின் மளிகைச் செலவோடு நேரடியாகத் தொடர்புடையவை. முதலாவது, உப்பு வரியை எதிர்த்த போராட்டம். இரண்டாவது, அரிசி பங்கீட்டு அட்டைக்கு மட்டுமே கிடைத்த காலத்தில் இவர் வகித்த உணவு அமைச்சர் பதவி. ஒரு பொருளை மக்கள் தாமே எடுத்துக்கொள்வதைத் தடுத்த சட்டத்தை மீறிச் சிறை சென்ற ஒருவர், பின்னாளில் மற்றொரு பொருளை மக்கள் விரும்பிய அளவு வாங்குவதைத் தடுத்த சட்டத்தை நடத்த வேண்டிய இடத்துக்கு வந்தார். இவ்விரு சட்டங்களுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்துகொள்ள இவரது வாழ்க்கை உதவுகிறது.

பிறப்பும் கல்வியும்

ராஜன் 1880ஆம் ஆண்டு திருவரங்கத்தில் வசதி குறைந்த வைணவ அந்தணர் குடும்பம் ஒன்றில் பிறந்தார். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவாகிய திருவரங்கம் அக்காலத்தில் தனி நகராட்சியாக இருந்தது. (1994ஆம் ஆண்டிலேயே அது திருச்சிராப்பள்ளி மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது.) அரங்கநாதசுவாமி கோயிலைச் சுற்றி அமைந்த வீதிகளில் வாழ்ந்த பல குடும்பங்களின் வாழ்வு கோயிலையே சார்ந்திருந்தது.

ராஜன் திருச்சிராப்பள்ளி புனித வளனார் கல்லூரியில் படித்தார். நாகப்பட்டினத்தில் 1844இல் தொடங்கப்பட்ட இக்கல்லூரி 1883இல் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றப்பட்டது. பின்னர் சென்னை சென்று இராயபுரம் மருத்துவப் பள்ளியில் மருத்துவம் பயின்று தேறினார். பொருள் வசதி இல்லாத மாணவர்களுக்கு, விரைவில் ஊதியம் ஈட்ட வழிசெய்த படிப்பாக அது விளங்கியது.

இரங்கூன் வாழ்க்கை

படிப்பை முடித்த ராஜன் பர்மாவுக்குச் சென்று இரங்கூனில் மருத்துவராகப் பணியாற்றினார். அந்நாளில் பர்மா பிரித்தானிய இந்தியாவின் ஒரு மாகாணமாக இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து செட்டிமார்களும் எழுத்தர்களும் கூலித் தொழிலாளர்களும் பெருந்தொகையாக அங்குச் சென்றனர். ஐராவதி ஆற்றுப் படுகையில் விளைந்த நெல், இரங்கூன் துறைமுகம் வழியாக அரிசியாகச் சென்னை மாகாணத்துக்கு வந்துகொண்டிருந்தது. காவிரிப் படுகையின் விளைச்சல் மாகாணம் முழுமைக்கும் போதாமல் இருந்ததால், பர்மா அரிசி நகரங்களில் வாழ்ந்த எளிய மக்களின் அன்றாட உணவாயிற்று. இந்த வரத்து அறுந்தால் என்ன ஆகும் என்பதை 40 ஆண்டுகள் கழித்து மாகாணம் கண்டது.

இலண்டன்

மேற்படிப்புக்காக 1907ஆம் ஆண்டு ராஜன் இங்கிலாந்து சென்றார். இலண்டனில் ஐகேட் பகுதியில் சியாம்ஜி கிருஷ்ண வர்மா 1905இல் நிறுவிய இந்தியா விடுதியுடன் இவருக்குத் தொடர்பு ஏற்பட்டது. அங்கு வ. வே. சு. ஐயர், வி. தா. சாவர்க்கர் ஆகியோருடன் பழகினார். வ. வே. சு. ஐயரும் திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்தவரே. இவர்களது நட்பு ஐயர் 1925இல் மறையும் வரை நீடித்தது.

1909ஆம் ஆண்டு இலண்டனில் இந்திய மாணவர்கள் விசயதசமி விருந்து ஒன்றை நடத்தினர். அதற்குத் தலைமை தாங்க, அப்போது தென்னாப்பிரிக்க இந்தியர் சார்பில் இலண்டன் வந்திருந்த காந்தி அழைக்கப்பட்டார். சைவ உணவைத் தாங்களே சமைப்பது என்று மாணவர்கள் முடிவு செய்தனர். சமையல் வேலையில் மெலிந்த மனிதர் ஒருவர் முன்னதாகவே வந்து கலந்துகொண்டதையும், அவரே அன்றைய தலைவர் என்பது பின்னரே தெரியவந்ததையும் ராஜன் நினைவுகூர்ந்துள்ளார்.

1911ஆம் ஆண்டு அரச அறுவை மருத்துவர் கல்லூரியின் உறுப்பினர் தகுதியை ராஜன் பெற்றார். அதன்பின் மீண்டும் இரங்கூனுக்குச் சென்று பணியாற்றினார்.

தாயகம் திரும்புதல்

1914ஆம் ஆண்டு ராஜன் திருவரங்கத்துக்குத் திரும்பினார். கடல் கடந்து சென்று வந்தவர்களை வைதிகர்கள் ஏற்றுக்கொள்ளத் தயங்கிய காலம் அது. திருவரங்கத்தில் ராஜனும் அத்தகைய எதிர்ப்பைச் சந்தித்தார். ஆயினும் அறுவை மருத்துவத்தில் தேர்ந்தவர் என்ற பெயர் விரைவில் பரவியது. 1923ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியில் ராஜன் மருத்துவமனையை நிறுவினார். மருத்துவத் தொழிலில் கிடைத்த வருவாயும் செல்வாக்கும் இவரது அரசியல் பணிக்குப் பின்புலமாக அமைந்தன.

அரசியல் ஈடுபாடு

1919ஆம் ஆண்டு ரௌலட் சட்டத்துக்கு எதிரான போராட்டத்தில் ராஜன் பங்கேற்றார். அதன்பின் இந்திய தேசியக் காங்கிரசில் முழுமையாக ஈடுபட்டார். காந்தியின் நிருமாணத் திட்டங்களாகிய கதர், மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு ஆகியவற்றில் பற்றுக் கொண்டிருந்தார். இராஜாஜியின் நெருங்கிய நண்பராகவும் விளங்கினார். தமிழ்நாடு காங்கிரசுக் குழுவின் தலைவராகவும் பணியாற்றியுள்ளார்.

இத்திட்டங்கள் அனைத்துக்கும் வீட்டுச் செலவு சார்ந்த ஒரு பக்கம் உண்டு. கதர், துணி வாங்கும் பணம் எங்குச் செல்கிறது என்ற கேள்வியை எழுப்பியது. மதுவிலக்கு, கூலியில் எவ்வளவு வீடு வந்து சேர்கிறது என்று கேட்டது. இவற்றைவிட எளிதாக எல்லாக் குடும்பங்களையும் எட்டிய பொருள் உப்பு.

உப்பு வரி

பிரித்தானிய இந்தியாவில் உப்பு உற்பத்தி அரசின் கட்டுப்பாட்டில் இருந்தது. உரிமம் இன்றி உப்புக் காய்ச்சுவதும், கடற்கரையில் இயற்கையாகப் படிந்த உப்பை எடுப்பதும் குற்றமாகக் கருதப்பட்டன. 1930ஆம் ஆண்டில் உப்பு வரி மணங்கு ஒன்றுக்கு 1 ரூபாய் 4 அணாவாக இருந்தது. 1923இல் இவ்வரி இரு மடங்காக உயர்த்தப்பட்டு, எதிர்ப்பின் காரணமாக அடுத்த ஆண்டு மீண்டும் குறைக்கப்பட்டது.

இதைக் குடும்பக் கணக்காக மாற்றிப் பார்க்கலாம். ஒரு மணங்கு ஏறத்தாழ 37.3 கிலோகிராம். 1 ரூபாய் 4 அணா என்பது 20 அணா. எனவே ஒரு கிலோகிராம் உப்புக்கு அரை அணாவுக்குச் சற்று மேல் வரி விழுந்தது. ஒருவர் ஆண்டுக்கு 6 கிலோகிராம் உப்புப் பயன்படுத்துவதாகக் கொண்டால், ஐந்து பேர் கொண்ட குடும்பம் 30 கிலோகிராம் வாங்க வேண்டும். அதற்கான வரி ஏறத்தாழ 16 அணா, அதாவது 1 ரூபாய். வசதி படைத்த குடும்பத்துக்கு இது பொருட்டன்று. உழவுக் கூலிக் குடும்பத்துக்கு இது சில நாள் கூலி.

மற்ற வரிகளைப் போல் உப்பு வரியைச் சிக்கனத்தால் தவிர்க்க இயலாது. விலை உயர்ந்தால் துணி வாங்குவதைத் தள்ளிப்போடலாம், எண்ணெயைக் குறைக்கலாம். உப்பைக் குறைக்க முடியாது. உழைத்து வியர்ப்பவருக்கே உப்புத் தேவை மிகுதி என்பதால், ஏழைகளின் வருவாயில் பெரும்பங்கை இவ்வரி எடுத்தது. காந்தி உப்பைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவே முதன்மைக் காரணம்.

வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகம்

காந்தியின் தண்டிப் பயணத்தைத் தொடர்ந்து, தமிழ்நாட்டில் இராஜாஜி தலைமையில் உப்புச் சத்தியாக்கிரகம் நடத்தத் திட்டமிடப்பட்டது. அன்றைய தஞ்சாவூர் மாவட்டக் கடற்கரையில் இருந்த வேதாரண்யம் இடமாகத் தெரிவு செய்யப்பட்டது. பயணம் தொடங்கும் இடம் திருச்சிராப்பள்ளி.

1930ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள், தமிழ்ப் புத்தாண்டு நாளில், திருச்சிராப்பள்ளி கண்டோன்மென்ட் பகுதியில் இருந்த ராஜனின் இல்லத்திலிருந்து ஏறத்தாழ 100 தொண்டர்கள் புறப்பட்டனர். இப்பயணத்துக்கென்றே நாமக்கல் இராமலிங்கம் பிள்ளை இயற்றிய பாடலைப் பாடியவாறு அவர்கள் நடந்தனர். ஏறத்தாழ 240 கிலோமீட்டர் தொலைவை 15 நாட்களில் கடந்து ஏப்ரல் 28ஆம் நாள் வேதாரண்யத்தை அடைந்தனர்.

தஞ்சாவூர் மாவட்ட ஆட்சியராக இருந்த தார்ன், தொண்டர்களுக்கு உணவோ தங்குமிடமோ அளிப்பவர்கள் தண்டிக்கப்படுவர் என்று அறிவித்தார். இதனால் ஊர் மக்கள் உணவுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டனர் என்பது இப்பயணத்தில் பெரிதும் பேசப்படும் நிகழ்ச்சி. வேதாரண்யத்தில் சர்தார் வேதரத்தினம் பிள்ளை தொண்டர்களுக்கு ஆதரவளித்தார். ஏப்ரல் 30ஆம் நாள் உப்பு அள்ளிய இராஜாஜி கைது செய்யப்பட்டு ஆறு மாதச் சிறைத் தண்டனை பெற்றார். ராஜனும் இப்போராட்டத்தில் பங்கேற்றுச் சிறை சென்றார்.

உப்பு வரி உடனே நீங்கவில்லை. 1931இல் ஏற்பட்ட காந்தி – இர்வின் உடன்பாட்டின்படி, உப்பு விளையும் பகுதிகளில் வாழும் மக்கள் தம் வீட்டுத் தேவைக்கு உப்பு எடுத்துக்கொள்ளவும் தம் ஊருக்குள் விற்கவும் அனுமதிக்கப்பட்டனர். வரி முழுமையாக நீக்கப்பட்டது 1947ஆம் ஆண்டிலேயே.

1934ஆம் ஆண்டு நடைபெற்ற தேர்தலில் ராஜன் மத்திய சட்டமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே ஆண்டு காந்தி தீண்டாமை ஒழிப்புக்காகத் தமிழ்நாட்டில் மேற்கொண்ட பயணத்தில் முதன்மைப் பங்காற்றினார்.

அமைச்சர் பணி (1937 – 1939)

1937ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் இராஜாஜி தலைமையில் காங்கிரசு அமைச்சரவை பொறுப்பேற்றது. ராஜன் பொதுச் சுகாதாரத் துறைக்கும் அறநிலையத் துறைக்கும் அமைச்சரானார். 1939ஆம் ஆண்டு இவ்வமைச்சரவை கோயில் நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது. அதே ஆண்டு சூலை 8ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைந்தனர்.

இவ்வமைச்சரவை எடுத்த இரு முடிவுகள் மக்களின் கைச்செலவை எதிரெதிர்த் திசைகளில் மாற்றின. 1937ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு தொடங்கப்பட்டுப் பின்னர் வேறு சில மாவட்டங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. கள்ளுக்கடைக்குச் சென்ற கூலி வீட்டுக்கு வரும் என்பது இதன் எதிர்பார்ப்பு. ஆனால் ஆயத்தீர்வை வருவாய் குறைந்தது. அதை ஈடுசெய்ய 1939ஆம் ஆண்டு பொது விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. இந்தியாவில் பொது விற்பனை வரியை முதலில் நடைமுறைப்படுத்திய மாகாணம் சென்னையே. உப்பு வரியை எதிர்த்து நடந்தவர்களின் ஆட்சியே கடைச் சரக்கின் மீது புதிய வரி விதித்தது என்று எதிர்ப்பாளர்கள் குறை கூறினர்.

இரண்டாம் உலகப் போரில் இந்தியத் தலைவர்களைக் கலந்துகொள்ளாமல் இந்தியா ஈடுபடுத்தப்பட்டதைக் கண்டித்து, 1939 அக்டோபரில் காங்கிரசு அமைச்சரவை பதவி விலகியது.

உணவுப் பங்கீடு ஏற்பட்ட பின்னணி

1942ஆம் ஆண்டு சப்பானியப் படைகள் பர்மாவைக் கைப்பற்றின. இரங்கூனிலிருந்து வந்த அரிசி நின்றது. போர்க்காலப் பணப்பெருக்கமும் பதுக்கலும் சேர்ந்து விலையை உயர்த்தின. 1943இல் வங்காளத்தில் இலட்சக்கணக்கானோர் பட்டினியாலும் நோயாலும் இறந்தனர். அரிசி முற்றிலும் இல்லாததால் மட்டுமன்றி, இருந்த அரிசியை ஏழைகளால் வாங்க இயலாத அளவுக்கு விலை ஏறியதாலும் அப்பேரழிவு நேர்ந்தது.

அதே ஆண்டு தியோடர் கிரகரி தலைமையிலான உணவுத் தானியக் கொள்கைக் குழு, ஒரு இலட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களில் பங்கீட்டு முறையைக் கொண்டுவரப் பரிந்துரைத்தது. பம்பாயில் 1943 மே மாதத்திலேயே பங்கீடு தொடங்கியிருந்தது. அவ்வாண்டின் பிற்பகுதியில் சென்னை நகரிலும் தொடங்கியது. பின்னர் மாகாணத்தின் ஏனைய நகரங்களுக்கும் விரிந்தது. 1941 கணக்கெடுப்பின்படி திருச்சிராப்பள்ளியின் மக்கள்தொகையும் ஒரு இலட்சத்தைக் கடந்திருந்தது.

பங்கீட்டு முறையின் செயற்பாடு

பங்கீட்டு முறை, ரேசன் முறை என்றே பரவலாக அறியப்பட்டது. அதன் அடிப்படை எளிது. உழவரிடமிருந்து அரசு குறித்த விலைக்கு நெல்லைக் கொள்முதல் செய்யும். குடும்ப உறுப்பினர் எண்ணிக்கைக்கு ஏற்ப ஒவ்வொரு வீட்டுக்கும் அட்டை வழங்கப்படும். அட்டைக்குரிய கடையில், குறித்த அளவை, குறித்த விலைக்குப் பெறலாம். வாங்கியது அட்டையில் குறிக்கப்படும்.

1946ஆம் ஆண்டு தொடக்கத்தில் நாடு முழுவதும் தானியப் பற்றாக்குறை ஏற்பட்டதால், வளர்ந்தவர் ஒருவருக்கான அளவு நாளொன்றுக்கு 12 அவுன்சாகக் குறைக்கப்பட்டது. இது ஏறத்தாழ 340 கிராம். ஒரு வாரத்துக்கு ஒருவருக்கு 2.4 கிலோகிராமுக்குச் சற்றுக் குறைவாகவே கிடைத்தது. நாள்தோறும் மூன்று வேளையும் அரிசியையே நம்பிய குடும்பங்களுக்கு இது போதவில்லை. அரிசிக்குப் பதிலாகக் கோதுமையும் தரப்பட்டது. கோதுமையைச் சமைத்துப் பழகாத தமிழ்நாட்டு வீடுகளில் அது விருப்பமின்றியே ஏற்கப்பட்டது.

இம்முறையால் குடும்பங்கள் அடைந்த நன்மை, வெளிச்சந்தை விலைக்கும் கட்டுப்பாட்டு விலைக்கும் இடையேயான வேறுபாடு ஆகும். வெளிச்சந்தையில் விலை ஏற ஏற, அட்டையின் மதிப்பும் ஏறியது. இதனாலேயே முறைகேடுகளும் தோன்றின. இல்லாதவர் பெயரில் அட்டை பெறுவது, இறந்தவர் பெயரை நீக்காமல் வைத்திருப்பது, பங்கீட்டு அரிசியைக் கள்ளச்சந்தையில் விற்பது ஆகியவை பெருகின. மறுபுறம், நெல் மிகுதியாக விளைந்த காவிரிப் படுகை உழவர்கள், சந்தை விலையைவிடக் குறைவாகத் தம் நெல் கொள்முதல் செய்யப்படுவதாகக் குறைப்பட்டனர். நகரத்துக் குடும்பத்தின் சேமிப்பில் ஒரு பகுதி உழவரின் இழப்பாக இருந்தது.

உணவு அமைச்சர்

1946ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின் ராஜன் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இடம்பெற்றார். 1947 மார்ச்சில் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சரானபோது, ராஜன் அவரது அமைச்சரவையில் உணவுத் துறையையும் இந்து சமய அறநிலையத் துறையையும் ஏற்றார். நாடு விடுதலை பெற்ற நாளில் மாகாணத்தின் உணவுப் பொறுப்பு இவரிடம் இருந்தது.

அக்காலத்தில் நாடெங்கும் விவாதிக்கப்பட்ட கேள்வி, உணவுக் கட்டுப்பாட்டைத் தொடர்வதா, நீக்குவதா என்பதாகும். கட்டுப்பாடு நேர்மையற்ற வணிகத்தையும் அலுவலர் ஊழலையும் வளர்ப்பதாகவும், மக்களைத் தம் காலில் நிற்க விடாமல் செய்வதாகவும் காந்தி கருதினார். கட்டுப்பாட்டை நீக்குமாறு 1947இன் இறுதி மாதங்களில் தொடர்ந்து வலியுறுத்தினார். புருசோத்தம்தாசு தாக்கூர்தாசு தலைமையிலான குழுவும் கட்டுப்பாட்டைப் படிப்படியாகத் தளர்த்தப் பரிந்துரைத்தது. 1947 திசம்பரில் நடுவண் அரசு கட்டுப்பாட்டு நீக்கத்தை அறிவித்தது. இராசேந்திர பிரசாத் அப்போது நடுவண் உணவு அமைச்சராக இருந்தார்.

எதிர்பார்த்தபடி பதுக்கிய தானியம் சந்தைக்கு வந்து விலை இறங்கவில்லை. 1948ஆம் ஆண்டில் விலைகள் விரைவாக உயர்ந்தன. அவ்வாண்டின் பிற்பகுதியில் நடுவண் அரசு மீண்டும் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. ஓராண்டுக்குள் ஒரே அமைச்சரவை கட்டுப்பாட்டிலிருந்து விடுதலைக்கும், விடுதலையிலிருந்து கட்டுப்பாட்டுக்கும் மாற வேண்டியதாயிற்று. காந்தியத்தில் தோய்ந்த ராஜன் போன்றோருக்கு இது கடுமையான சோதனை. கொள்கை அளவில் கட்டுப்பாடு அவர்களுக்கு உவப்பானதன்று. ஆனால் அட்டை இல்லாவிடில் பணம் உள்ளவர் மட்டுமே அரிசி வாங்குவர் என்பதை 1943ஆம் ஆண்டு காட்டியிருந்தது.

உப்புச் சட்டமும் உணவுக் கட்டுப்பாடும் அரசு ஒரு பொருளைத் தன் கைக்குள் வைத்திருப்பதில் ஒத்தவை. நோக்கத்திலும் விளைவிலும் அவை வேறுபட்டன. உப்பு நாட்டில் மிகுதியாக இருந்தது. சட்டம் வருவாய்க்காக அதன் விலையை உயர்த்தியது. அரிசி குறைவாக இருந்தது. சட்டம் அதன் விலையைத் தாழ்த்தி எல்லோருக்கும் பகிர முயன்றது. முதலாவது ஏழையின் பையிலிருந்து எடுத்தது. இரண்டாவது, குறைகள் பலவற்றோடு, ஏழையின் பையைக் காக்க முயன்றது.

இவ்வமைச்சரவையின் காலத்திலேயே 1948 அக்டோபர் 2ஆம் நாள் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது.

அறநிலையத் துறை

1947ஆம் ஆண்டின் சென்னைக் கோயில் நுழைவு உரிமைச் சட்டம் எல்லா இந்துக்களும் கோயில்களில் நுழைந்து வழிபட உரிமை அளித்தது. கோயில்களின் நிருவாகத்தையும் சொத்துகளையும் அரசுத் துறையின் மேற்பார்வையில் கொண்டுவரும் சட்டமுன்வடிவை 1949ஆம் ஆண்டு ராஜன் சட்டமன்றத்தில் முன்வைத்தார். இது கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. விவாதங்களுக்குப் பின் 1951ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டமாக நிறைவேறியது. கடல் கடந்ததற்காகத் திருவரங்கத்து வைதிகர்களின் எதிர்ப்பைப் பெற்றவர், மாகாணத்துக் கோயில்களின் நிருவாகத்தைத் திருத்தும் பொறுப்பை ஏற்றது குறிப்பிடத்தக்கது.

எழுத்துப் பணி

ராஜன் எளிய தமிழில் எழுதும் ஆற்றல் பெற்றவர். இவரது தன்வரலாறு, இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் வெளிவந்த தமிழ்த் தன்வரலாறுகளுள் முக்கியமானது. திருவரங்கம், இரங்கூன், இலண்டன் ஆகிய மூன்று ஊர்களின் வாழ்க்கையை அதில் காணலாம். இவர் எழுதிய நூல்களுள் சில:

- நினைவு அலைகள் (தன்வரலாறு)
- வ. வே. சு. ஐயர்
- தமிழ்நாட்டில் காந்தி
- வீட்டு வைத்தியர்

மறைவு

ராஜன் 1953ஆம் ஆண்டு காலமானார். அதற்கு முந்தைய ஆண்டு, 1952 சூன் மாதத்தில், மீண்டும் முதலமைச்சரான இராஜாஜி சென்னை மாநிலத்தில் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். இம்முறை முயற்சி வெற்றி பெற்றது. எனவே தம் நண்பர் காலத்திலேயே அரிசி மீண்டும் தடையின்றிக் கடைகளில் விற்கப்பட்டதை ராஜன் கண்டார்.

பங்கீட்டுச் சீட்டும் தள்ளுபடிச் சீட்டும்

ராஜன் காலத்துப் பங்கீட்டு முறையைப் பிற நாடுகளின் முறைகளோடு ஒப்பிடலாம்.

- இங்கிலாந்தில் 1940 சனவரியில் உணவுப் பங்கீடு தொடங்கியது. 1941 முதல் துணிக்கும் கூப்பன்கள் வழங்கப்பட்டன. போர் முடிந்த பின்னும் தொடர்ந்த உணவுப் பங்கீடு 1954 சூலையில் முடிவுற்றது.
- இலங்கையில் பங்கீட்டுப் புத்தகம் தமிழ் மக்களிடையே கூப்பன் என்றே வழங்கியது. ராஜன் மறைந்த 1953ஆம் ஆண்டில், அங்குக் கூப்பன் அரிசியின் விலை ஒரு கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஆகத்து 12ஆம் நாள் நாடு தழுவிய அர்த்தால் நடைபெற்றது. அக்டோபரில் தலைமை அமைச்சர் டட்லி சேனநாயக்கா பதவி விலகினார்.
- அமெரிக்காவில் கூப்பன் என்பது வணிகர் தரும் தள்ளுபடிச் சீட்டையும் குறித்தது. 1887இல் கொக்கக் கோலாவை இலவசமாகச் சுவைக்க வழங்கப்பட்ட சீட்டு இதற்குத் தொடக்க எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

தள்ளுபடிச் சீட்டு, வாங்குபவரை மேலும் வாங்கத் தூண்டுகிறது. பங்கீட்டுச் சீட்டு, வாங்குவதற்கு வரம்பு விதிக்கிறது. முன்னதில் சேமிப்பு வணிகரின் விருப்பத்தைப் பொறுத்தது; பின்னதில் அது குடும்பத்தின் உரிமை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழி கூட்டுறவு. 1844இல் இங்கிலாந்தின் இராச்டேல் நகரில் உருவான முறையில், கடையின் உபரி உறுப்பினருக்கு அவரவர் வாங்கிய அளவுக்கேற்பத் திருப்பித் தரப்பட்டது. தமிழ்நாட்டில் 1904ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் நுகர்வோர் கூட்டுறவில் முன்னோடியாகும்.

பின்னாள் வளர்ச்சி

1952இல் நீக்கப்பட்ட பங்கீடு, 1960களின் உணவுப் பற்றாக்குறையின்போது வேறு வடிவில் திரும்பியது. 1967ஆம் ஆண்டு ஆட்சிக்கு வந்த அண்ணாதுரை அரசு சென்னையிலும் கோயம்புத்தூரிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி வழங்கியது. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் நிறுவப்பட்டது. 2011 சூன் 1 முதல் அரிசி பெறும் குடும்ப அட்டைகளுக்கு அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. நியாயவிலைக் கடைகளில் பெரும்பாலானவற்றைக் கூட்டுறவுச் சங்கங்களே நடத்துகின்றன. பொங்கல் பரிசுத் தொகுப்புக்காக வீடு வீடாக வழங்கப்பட்ட டோக்கன், பழைய பங்கீட்டுச் சீட்டின் தொடர்ச்சி எனலாம்.

பற்றாக்குறைக் காலத்தில் வாங்குவதைக் கட்டுப்படுத்தப் பிறந்த அட்டை, காலப்போக்கில் வீட்டுச் செலவைக் குறைக்கும் ஆவணமாக மாறியது. ராஜன் பொறுப்பில் இருந்த ஆண்டுகள், இம்மாற்றம் நிகழ்வதற்கு முற்பட்ட இக்கட்டான ஆண்டுகளாகும்.